ஒரே துறை, ஆயிரம் கேள்விகள்

சின்ன அறை. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. நடுவில் ஓர் ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்க, மூலையில் காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று ஓடுகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் அளவை ஒரு கருவி காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அடுத்த இயந்திரம், அடுத்த ஊதுபத்தி.

இதைச் செய்வது பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் இல்லை. ‘ஹவுஸ்ஃப்ரெஷ்’ என்ற இணையதளம். 2020-ல் டேனி ஆஷ்டன் தொடங்கிய இந்தத் தளத்தில் சினிமா கிடையாது, அரசியல் கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் காற்று, அதைச் சுத்தம் செய்யும் கருவிகள், அவ்வளவுதான். கருவிகளைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி, சோதித்து, முடிவை எழுதுகிறார்கள். படித்தவர் அங்கிருக்கும் இணைப்பு வழியாக ஒரு கருவியை வாங்கினால் தளத்துக்குக் கமிஷன் கிடைக்கும்.

எல்லாச் சாமானும் விற்கும் பெரிய கடைகளுக்கு நடுவே, சாவி மட்டும் செய்து கொடுக்கிறவர் ஒருவர் ஒவ்வொரு பஜாரிலும் உட்கார்ந்திருப்பார். சாவி தொலைத்தவன் பெரிய கடைக்குப் போக மாட்டான், அவரைத்தான் தேடி வருவான். இணையத்திலும் இப்படி ஒரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிழைக்கும் தளங்கள் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் ‘நிஷ் வெப்சைட்’ என்கிறார்கள். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழில் பலருக்குச் சோறு போட்டிருக்கிறது, சிலரைப் பணக்காரர்களாக ஆக்கியிருக்கிறது, கடந்த சில ஆண்டுகளில் பலரைத் தெருவிலும் நிறுத்தியிருக்கிறது. ஹவுஸ்ஃப்ரெஷ் தளத்துக்கு என்ன ஆனது என்பதும் அதில் சேர்த்தி. அதற்குமுன் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் தொடங்குவது ஒரு கீவேர்டில். தேடுபொறியில் ஒருவர் தட்டும் சொல்லோ சொற்றொடரோதான் கீவேர்டு. ‘தோசைக்கல்’ என்று ஒருவர் தட்டினால் அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. வாங்கப் பார்க்கிறாரா, படம் பார்க்கிறாரா, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதுகிறாரா, தெரியாது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் இடம் பிடிக்கப் பெரிய வணிகத் தளங்களோடு மோத வேண்டும். ‘புது இரும்பு தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்க என்ன செய்வது’ என்று தட்டுகிறவர் கதை வேறு. அவர் கல்லை வாங்கிவிட்டார், பழக்கத் தெரியவில்லை, முதல் தோசை பிய்ந்துவிட்டது, இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு கேட்கிறார். இப்படித் தேடுபவர்கள் குறைவுதான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் பதில் வேண்டி வருகிறார்.

இத்தகைய நீளமான, சிலர் மட்டுமே கேட்கும் தேடல்கள் எத்தனை என்று கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்குமுன் யாருமே தேடாதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. கீவேர்டு ஆய்வுக் கருவி விற்கும் ‘ஏரெஃப்ஸ்’ நிறுவனம், தன் அமெரிக்கத் தரவுத்தளத்தில் உள்ள கீவேர்டுகளில் ஏறக்குறைய 95 சதவீதம் மாதத்துக்குப் பத்து முறையோ அதற்கும் குறைவாகவோதான் தேடப்படுகின்றன என்று கணக்கிட்டது. பெரிய கூட்டம் ஒரு சில சொற்களில் குவிந்திருக்க, மிச்சமெல்லாம் நீண்ட வாலாகப் பரந்து கிடக்கிறது. கிறிஸ் ஆண்டர்சன் 2004 அக்டோபரில் ‘வயர்டு’ இதழில் எழுதிய கட்டுரைக்கு ‘நீண்ட வால்’ என்றே பெயர். அவர் எழுதியது புத்தகம், பாட்டு விற்பனையைப் பற்றி. ஒரே துறைத் தளங்கள் வாழ்வதும் அந்த வாலில்தான்.

அமெரிக்காவில் பேட் ஃப்ளின் என்றோர் இளைஞர், கட்டடக் கலை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ தேர்வுக்குப் படிக்கும்போது, தன் குறிப்புகளை எங்கிருந்தும் பார்க்க வசதியாக ஓர் இணையதளத்தில் ஏற்றி வைத்தார். சொந்த உபயோகத்துக்குத்தான். பின்னொரு நாள் வருகைக் கணக்கைப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அதே தேர்வுக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள். 2008-ல் பொருளாதாரம் சரிந்து வேலை போனது. குறிப்புகளைத் தொகுத்து 19.99 டாலர் விலையில் மின்னூலாக வைத்தார். 2008 அக்டோபரில், முதல் மாதத்திலேயே, வந்தது 7,908.55 டாலர். இந்தத் தொகையை அவரே வெளியிட்டார்.

அது தற்செயலாக விழுந்த லாட்டரி என்று சொல்லிவிடலாம். அடுத்ததாக அவர் செய்ததை அப்படித் தள்ள முடியாது. 2010-ல், தனக்குக் கொஞ்சமும் தெரியாத துறையில், எல்லார் கண்முன்னும் ஒரு தளத்தைக் கட்டிக்காட்டப் புறப்பட்டார். வாசகர்கள் பார்க்கப் பார்க்கக் கீவேர்டுகளை அலசினார். தேடுபவர் போதுமான அளவு இருக்க வேண்டும், ஏற்கெனவே முதல் பக்கத்தில் இருப்பவர்களின் பதில் அரைகுறையாக இருக்க வேண்டும், விளம்பரதாரருக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும். இந்த மூன்று சல்லடையிலும் தங்கியது ‘செக்யூரிட்டி கார்டு பயிற்சி’. அமெரிக்காவில் காவலாளி வேலைக்கான உரிமமும் பயிற்சி விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலை தேடும் ஒருவர் தன் மாநிலத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அரசாங்கத் தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஃப்ளின் அதை மாநிலவாரியாக எளிய நடையில் எழுதிப் போட்டார். 73-வது நாளில் அந்தத் தேடலுக்குக் கூகுளில் அவர் தளம் முதலிடம்.

இதைப் படித்துவிட்டு ‘73 நாளில் முதலிடம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் ஏராளம். கவனிக்க வேண்டியது வேறு. சிதறிக் கிடந்த தகவலை ஒருவர் உட்கார்ந்து தொகுத்தார். வேலை தேடியவருக்கு அலைச்சல் மிச்சமானது. கீவேர்டு வழிகாட்டிப் பலகை மட்டுமே. அங்கே போய்ச் சேர்ந்தவருக்குச் சாப்பாடு இருந்தால்தான் மறுமுறை வருவார்.

சாப்பாடு இல்லாமல் பலகை மட்டும் நட்டவர்களின் கதையும் பதிவாகியிருக்கிறது. ‘டிமாண்ட் மீடியா’ என்ற அமெரிக்க நிறுவனம் ‘ஈஹவ்’ உள்ளிட்ட தளங்களை நடத்தியது. எந்தச் சொல் தேடப்படுகிறது, அதற்கு விளம்பரம் என்ன விலை போகும் என்று கணினி நிரல் கணக்கிட்டுத் தலைப்புகளைத் துப்பும். வெளியில் இருக்கும் எழுத்தாளர்கள் கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கூலிக்கு எழுதித் தள்ளுவார்கள். 2009 வாக்கில் நாளொன்றுக்கு 4,000 கட்டுரைகளும் காணொளிகளும். 2011 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அதன் சந்தை மதிப்பு ‘நியூயார்க் டைம்ஸ்’ நிறுவனத்தின் மதிப்பைவிட அதிகம். அடுத்த மாதமே கூகுள் ‘பாண்டா’ எனப்பட்ட மாற்றத்தைக் கொண்டுவந்தது. மேலோட்டமாக எழுதிக் குவிக்கும் தளங்களைக் கீழே தள்ளுவதுதான் அதன் வேலை. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் அதனால் மாறின. டிமாண்ட் மீடியா அதன்பின் பழைய உயரத்துக்கு வரவேயில்லை.

இந்தத் தொழிலுக்குத் தொடர்ச்சியும் வேண்டும். ஆனால் நாளுக்கு நாலாயிரம் எழுதுவதைத் தொடர்ச்சியாகக் கொள்ள முடியாது. தொடர்ச்சி என்றால் என்ன என்பதற்கு மினசோட்டா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரின் சமையல் தளம் நல்ல சான்று. லிண்ட்சே ஆஸ்ட்ரம் 2010 ஏப்ரலில் ‘பிஞ்ச் ஆஃப் யம்’ தளத்தைத் தொடங்கினார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து சமைத்து, படம் எடுத்து, எழுதினார். இதில் வருமானம் வருமா என்று பார்க்கும் முயற்சியைக் கணவர் பியோர்க் 2011 ஆகஸ்டில் தொடங்கினார். மாதா மாதம் வரவைச் சென்ட் சுத்தமாக வெளியிடுவது என்றும் முடிவெடுத்தார்கள். முதல் மாத வரவு 21.97 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,000 ரூபாய். பதினாறு மாத உழைப்புக்குப் பிறகு வந்த தொகை இது.

நிறுத்தியிருக்கலாம். அவர்கள் அடுத்த மாதக் கணக்கையும் வெளியிட்டார்கள், அதற்கடுத்த மாதத்தையும். 2016 வாக்கில் மாத வரவு பல்லாயிரம் டாலராகியிருந்தது. லிண்ட்சே ஆசிரியர் வேலையை விட்டு முழுநேரமும் இதற்கே வந்துவிட்டார். அந்த அறிக்கைகளை வரிசையாகப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். எந்த மாதத்திலும் அதிசயம் நடக்கவில்லை. பழைய குறிப்புகள் ஒவ்வொன்றும் தேடல் வழியே நாளுக்குச் சிலரைக் கொண்டுவந்தபடி இருக்க, புதியவை அவற்றோடு சேர்ந்துகொண்டே வந்தன.

தேடலில் இடம் கிடைப்பதே மெதுவாகத்தான் நடக்கும். புதிதாக வெளியான பக்கங்களில் ஓராண்டுக்குள் கூகுளின் முதல் பத்து இடங்களுக்கு வந்தவை வெறும் 5.7 சதவீதம் என்று ஏரெஃப்ஸ் 2017-ல் கண்டது. 2023-ல் அது ஆராய்ந்த பக்கங்களில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குக் கூகுளிலிருந்து ஒரு வருகைகூட இல்லை. இந்த எண்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவதும் ஒரு முடிவுதான். விவரம் தெரிந்தவர்கள் வேறொன்று செய்கிறார்கள். கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ கருவியை வாரம் தவறாமல் திறந்து பார்க்கிறார்கள். தங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலில் தலைகாட்டியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பன்னிரண்டாவது இடத்தில் நிற்கும் பக்கத்தை எடுத்து, விட்டுப்போன கேள்விக்கு விடை சேர்த்து, பழைய விலையையும் மாறிய விதியையும் திருத்தி மேலே கொண்டுவருவது, புதிதாக ஒன்று எழுதுவதைவிடப் பல நேரம் பலன் தரும். தங்களுக்கே தோன்றாத கேள்விகளும் அந்தப் பட்டியலில் அகப்படும். ‘தோசைக்கல்’ பக்கத்துக்கு ‘கல் துருப்பிடித்தால்’ என்று தேடி நாலு பேர் வந்திருந்தால், அடுத்து எழுத வேண்டியதை அவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலோருக்கு முதல் வழி 2003-ல் வந்த கூகுள் ஆட்சென்ஸ். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கேற்ற விளம்பரத்தைத் தானாகக் கொண்டுவந்து போடும். கட்டுரைப் பக்கங்களில் கிடைக்கும் தொகையில் 68 சதவீதம் தள உரிமையாளருக்கு என்று 2010-ல் கூகுள் வெளிப்படுத்தியது. வரவு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ‘பின்’ எண் தபாலில் வரும். நம்மூர்த் தபால்காரர் கொண்டுவந்து தரும் அந்தச் சின்னக் காகிதத்துக்காக வாரக்கணக்கில் வாசலைப் பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு தளத்தில் நூறு பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் தினம் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 பார்வைகள். ஆயிரம் பார்வைக்கு நூறு ரூபாய் கிடைத்தால் மாதம் 3,000 ரூபாய். அதே பார்வைகள் அமெரிக்காவிலிருந்து, காப்பீடு போன்ற துறையில் வந்தால் தொகை பல மடங்கு. விளம்பரதாரர் அந்த வாசகருக்காக எவ்வளவு ஏலம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது அது. கீவேர்டைத் தேர்ந்தெடுக்கும்போதே வருமானத்தின் உச்சவரம்பும் பாதி முடிவாகிவிடுகிறது. இதை மறைத்துவிட்டு ‘வீட்டிலிருந்தே லட்சங்கள்’ என்று வகுப்பு நடத்துபவர்கள், படிக்க வருகிறவர்களுக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள்.

இரண்டாவது வழி கமிஷன். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பொருளைப் பற்றி எழுதி, இணைப்புக் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கு பெறலாம். இதன் ஆபத்து 2020 ஏப்ரலில் தெரிந்தது. அறைகலன், வீட்டுப் பராமரிப்புச் சாமான்களுக்கான கமிஷனை அமேசான் அமெரிக்காவில் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக்கியது. மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. கட்டிலும் மெத்தையும் பற்றி வருடக்கணக்கில் எழுதிவைத்தவர்களின் வருமானம், ஒரு பக்கம்கூட இடம் மாறாமல், பாதிக்கும் கீழே போனது.

இப்போது ஊதுபத்தி அறைக்குத் திரும்பலாம். சோதித்து எழுதும் தளங்களுக்குத்தான் காலம் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. உள்ளடக்கத்தின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் ‘நேரடி அனுபவம்’ என்ற அளவுகோலை 2022 டிசம்பரில் கூகுள் சேர்த்தது. எழுதுகிறவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவரா என்று கேட்டது. ஹவுஸ்ஃப்ரெஷ் அதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியது. ஆனால் 2024 பிப்ரவரியில் அதன் நிர்வாக ஆசிரியர் கிசெல் நவரோவும் ஆஷ்டனும் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற பத்திரிகைகளின் தளங்கள் தங்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டு, கருவிகளைத் தொட்டுச் சோதித்ததற்கு அடையாளமே இல்லாத பரிந்துரைப் பட்டியல்களால் தேடலின் முதல் பக்கத்தை நிரப்புகின்றன என்று ஆதாரங்களோடு காட்டினார்கள். மே மாதத்தில் அடுத்த கட்டுரை. 2023 அக்டோபரில் நாளுக்கு 4,000 பேரைக் கூகுள் அனுப்பியது, இப்போது 200 பேர்தான் என்றார்கள்.

அவர்கள் தனியாக இல்லை. 2023 செப்டம்பரில் வந்த கூகுள் மாற்றத்துக்குப் பிறகு பயணம், பழைய வீடியோ விளையாட்டுகள், சமையல் என்று பல துறைகளின் சிறு தளங்கள் இதே போல விழுந்தன. பெரிய நிறுவனத் தளங்கள் தம் பெயரை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் விதியைக் கூகுள் 2024 மே முதல் அமல்படுத்தத் தொடங்கியது. இயந்திரத்தால் எழுதிக் குவிப்பதற்கு எதிராகவும் அந்த ஆண்டு விதி வந்தது. விழுந்த பலருக்கு அது காலம் தாழ்ந்த உதவி. தரமாக எழுதினால் மேலே வரலாம் என்று சொல்லப்பட்டதை நம்பி, ஆட்களை வேலைக்கு வைத்து, கருவிகள் வாங்கி, அறை பிடித்துச் சோதித்தவர்கள் அவர்கள். ஒரு நிறுவனத்தின் நிரல் மாறியதும் வாசலில் ஆளே இல்லாமல் போனது நியாயமில்லை என்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடலின் தலையிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வரத் தொடங்கியது. ‘பியூ’ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்களின் தேடல்களைக் கவனித்தது. சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் ஏதாவது ஒரு இணைப்பைச் சொடுக்கியவர்கள், சுருக்கம் இருந்தபோது 8 சதவீதத்தில்தான் சொடுக்கினார்கள். ‘ஒரு கப் எத்தனை கிராம்’ போன்ற ஒருவரிக் கேள்விகளை நம்பிய தளங்களுக்கு இது பெரிய அடி. ஆனால் ஊதுபத்தியைக் கொளுத்தி அளந்த எண், பிய்ந்த தோசையின் படம், உரிமத்துக்கு அலைந்தவரின் அனுபவம் ஆகியவற்றை இயந்திரம் தானாக உண்டாக்க முடியாது. யாரோ எழுதியதிலிருந்து எடுத்துத்தான் சொல்ல முடியும். ஒற்றை வாசலை நம்பாமல் காணொளி, மின்னஞ்சல் மடல் என்று வேறு வாசல்களையும் திறந்துவைக்கும் வேலையைச் சிறு தளங்கள் தீவிரமாகச் செய்வது இதற்காகத்தான். ஹவுஸ்ஃப்ரெஷும் யூடியூபுக்குப் போனது.

தமிழில் நிலைமை என்ன? ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களை 2018 தொடக்கத்தில்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் பின்னால். தமிழில் விளம்பர விலை குறைவு. தமிழில் தேடுபவர் தமிழ் எழுத்தில்தான் தட்டுவார் என்ற உறுதியும் இல்லை. பலர் ‘எப்படி’யை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், சிலர் ஒலிவாங்கியை அழுத்திப் பேச்சுவழக்கில் கேட்கிறார்கள். ‘பட்டா பெயர் மாற்றம்’ என்று அரசாங்கத் தமிழில் தலைப்பு வைத்துவிட்டு, ‘பட்டா மாத்துறது எப்படி’ என்ற கேள்வியைப் பக்கத்தில் எங்கும் தொடாமல் விடுபவர், பல வாசகரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்.

போட்டியும் இங்கே குறைவு, தேவையோ கொட்டிக் கிடக்கிறது. ஒரு வட்டத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலரிடம் எத்தனை கேள்விகள் வந்திருக்கும்! உட்பிரிவுக்கு எந்தத் தாள் வேண்டும், சர்வேயர் அளக்க வரும்போது யார் யார் இருக்க வேண்டும், பத்திரத்தில் ஒரு பெயரும் சிட்டாவில் இன்னொரு பெயரும் இருந்தால் என்ன செய்வது? அவர் வாரத்துக்கு இரண்டு கேள்வி என்று எடுத்து, தனக்குத் தெரிந்ததைத் தேதியோடும் மாறிய விதிகளோடும் எழுதினால் ஓராண்டில் நூறு பக்கம். அந்த நூறில் ஒன்றைத் தேடி இந்த நேரம் ஏதோவோர் ஊரில் ஒருவர், வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, ‘அப்பா பேர்ல இருக்குற கூட்டுப் பட்டால என் பங்க மட்டும் எப்டி பிரிக்கிறது’ என்று போனில் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.